எழுதாமல் விட்ட வரி

புற்றுக்காக அறுவை செய்து எடுத்த மலக்குடல் நோயியல் மருத்துவரான என் மேசைக்கு வந்தால் உடனே கத்தியை எடுக்க மாட்டேன். திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். சுற்றியுள்ள கொழுப்புறை வழுவழுப்பாக, முழுசாக இருக்கிறதா, எங்காவது பிய்ந்து தசை தெரிகிறதா என்பதை அறுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பிறகு வெளிப்புறம் மை பூசி, ஃபார்மலினில் நன்றாக ஊறியதும் மெல்லிய வில்லைகளாகக் குறுக்கே வெட்டுவோம். கட்டிக்கும் மைக்கும் நடுவே மிஞ்சுவது 1 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ என்றால், ஓரம்வரை நோய் வந்துவிட்டது என்றே கணக்கு. இப்படிக் குறுக்கே வெட்டிப் பார்த்த ஆய்வை 1986-ல் லீட்ஸில் ஃபிலிப் குவர்க் குழுவினர் வெளியிட்டார்கள். அறுவைக்குப் பின் அதே இடத்தில் நோய் திரும்புவதற்கு அந்தப் பக்கவாட்டு ஓரத்தில் மிஞ்சிய புற்று எவ்வளவு பெரிய காரணம் என்பது அதில் துலங்கியது.

இவ்வளவும் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டில் எழுதாமல் விட்டால் என்ன பயன்? பழைய பாணி ரிப்போர்ட் பத்தி பத்தியாக ஓடும். படிக்கவும் நன்றாக இருக்கும். அதில் சிரைக்குள் புற்று நுழைந்ததா என்பது பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், தேடியும் கிடைக்கவில்லையா, தேடவே இல்லையா? நெறிகட்டிக்குப் பரவாத இரண்டாம் நிலை நோயாளிக்குக் கீமோ வேண்டுமா என்பதை முடிவு செய்ய இந்த வரிகள்தான் கைகொடுக்கும்: சிரையில் புற்று இருக்கிறதா, கட்டி வெளிச்சவ்வைத் துளைத்துவிட்டதா, 12 நெறிகட்டிகளாவது கிடைத்தனவா. அதனால்தான் கட்டம் போட்ட படிவம் வேண்டும் என்று விடாப்பிடியாக நிற்கிறேன். அதில் 'காணவில்லை' என்பதையும் எழுதியே ஆக வேண்டும்.

"நாம் என்ன குமாஸ்தாக்களா?" என்று கேட்கும் சக மருத்துவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. விசித்திரமான கட்டி எந்தக் கட்டத்திலும் அடங்காது. விரிவாகக் குறிப்பெழுதப் படிவத்தில் இடம் விட்டே ஆக வேண்டும்.

படிவங்கள் சேரச் சேர, நம் கண் எவ்வளவு கூர்மை என்பதும் தெரிந்துவிடும். அறுவை செய்த பெருங்குடல், மலக்குடல் புற்றுகளில் 30 சதவீதத்திலாவது சிரை ஊடுருவல் தென்பட வேண்டும் என்பது பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பத்தாலஜிஸ்ட்ஸ் வைத்திருக்கும் அளவுகோல். ஓர் ஆய்வகத்தில் அதில் பாதிதான் வருகிறது என்றால் அங்குள்ள நோயாளிகள் அதிர்ஷ்டசாலிகள் என்று நான் நம்ப மாட்டேன். சரியாகத் தேடாவிட்டால் சிரை ஊடுருவல் கண்ணுக்குத் தப்பிவிடும்: ஸ்லைடில் ஒரு தமனி தனியே நிற்கும். பக்கத்தில் இருக்க வேண்டிய சிரையைக் காணோம், அந்த இடத்தில் உருண்டையாகப் புற்றுத் திரள். எலாஸ்டின் சாயம் ஏற்றினால் அந்தத் திரளைச் சுற்றிக் கறுப்பு வளையம் எழும். தொலைந்துபோன சிரையின் சுவர் அது!

எண்களை ஒப்பிட வேண்டுமானால் விதியும் ஒன்றாக இருக்க வேண்டும். புற்றின் நிலையை வகைப்படுத்தும் டிஎன்எம் விதிகளின் ஐந்தாம் பதிப்பில், கொழுப்புக்குள் தனித்துக் கிடக்கும் புற்று முடிச்சு 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் நெறிகட்டியாக எண்ணுவார்கள். பின்வந்த பதிப்புகளில் அந்த அளவு போய்விட்டது. ஏழாம் பதிப்பு அத்தகைய முடிச்சுக்குத் தனி வகுப்பே கொடுத்தது. மற்றவர்கள் புதிய பதிப்புகளுக்கு மாறிய பிறகும் பிரிட்டன் ஐந்தாம் பதிப்பிலேயே நெடுங்காலம் இருந்தது. ஆக, ஒரே முடிச்சு இரண்டு நாடுகளில் இரண்டு விதமாக எண்ணப்பட்டிருக்கலாம். எந்தப் பதிப்பு என்று குறிக்காத நிலை எண்ணை எங்கள் பதிவேட்டில் ஏற்ற நான் சம்மதிப்பதில்லை.