கென்ஷின்ல டேமேஜ் வரமாட்டேங்குதா? வரிசையைப் பாருங்க

மக்களே, இன்னிக்கு டெங்கு இல்லை, சுகர் இல்லை, நாய்க்கடி ஊசியும் இல்லை. ஒரு கேம் பத்தின த்ரெட். நடுவுல கொஞ்சம் மருத்துவம் எட்டிப் பார்க்கும், பழக்க தோஷம், பொறுத்துக்கோங்க.

"டாக்டர், நீங்களுமா கேம் ஆடுறீங்க?" ஆமாங்க. நைட் டூட்டி முடிச்சு வந்தா உடனே தூக்கம் வராது. குளிச்சு, ரெண்டு இட்லி சாப்பிட்டு, அரை மணி நேரம் கென்ஷின் இம்பாக்ட். அப்புறம்தான் தூக்கம்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. ஷாங்காய் நகரத்து மிஹோயோ கம்பெனி செஞ்ச கேம் இது. 2020 செப்டம்பர் 28-ல் வெளியாச்சு. போன்லயே ஓடும், டவுன்லோட் இலவசம். டெய்வாட் என்கிற கற்பனை உலகத்துல நாலு பேர் கொண்ட டீமோட சுத்தி வரணும். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் களத்துல நிப்பாங்க, மத்தவங்களை ஒரு தட்டுல மாத்திக்கலாம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு எலிமென்ட். பைரோ நெருப்பு, ஹைட்ரோ தண்ணீர், எலக்ட்ரோ மின்சாரம், க்ரையோ பனி, அனிமோ காற்று, ஜியோ பாறை, டென்ட்ரோ செடிகொடி. இதுல டென்ட்ரோ மட்டும் 2022 ஆகஸ்ட்ல 3.0 அப்டேட்லதான் நம்ம கைக்கு வந்துச்சு.

போன வாரம் ஒரு தம்பி டீம் படம் அனுப்பி, "அண்ணா, எல்லாரும் லெவல் 80, வாளும் நல்ல வாள், ஆனா டேமேஜே ஏறமாட்டேங்குது"ன்னு கேட்டிருந்தார். பார்த்தா நாலு பேரும் முன்னாடி நின்னு அடிக்கிற ஆளுங்க. ஆபரேஷன் தியேட்டர்ல நாலு சர்ஜன் நிக்கிறாங்க, மயக்க மருந்து டாக்டரும் இல்லை, ஸ்டாஃப் நர்ஸும் இல்லைன்னா எப்படி? அப்படி ஒரு டீம்.

இந்த கேம்ல வாளை விட முக்கியம் ரியாக்‌ஷன். முதல்ல ஒரு எலிமென்ட்டால அடிச்சா, அது எதிரி மேல கொஞ்ச நேரம் ஒட்டிக்கிட்டு நிக்கும். இதுக்கு ஆரான்னு பேர். அது ஆறுறதுக்குள்ள வேற எலிமென்ட்டால அடிச்சா ரெண்டும் வினை புரியும். ரெண்டாவதா வர்றதுதான் ட்ரிகர். எது முதல்ல, எது ரெண்டாவதுங்கிறதுலதான் பாதி விளையாட்டு இருக்கு.

நெருப்பும் தண்ணியும் சேர்ந்தா வேப்பரைஸ். எதிரி மேல நெருப்பு ஒட்டியிருக்கும்போது தண்ணியால அடிச்சா அந்த அடி 2 மடங்கு. தண்ணி ஒட்டியிருக்கும்போது நெருப்பால அடிச்சா 1.5 மடங்கு. நெருப்பும் பனியும் சேர்ந்தா மெல்ட். அதுல பனி மேல நெருப்பு போட்டா 2, நெருப்பு மேல பனி போட்டா 1.5. அதே ரெண்டு பொருள்தான், வரிசை மாறினா 10,000 டேமேஜ் ஒரு பக்கம் 20,000 ஆகுது, இன்னொரு பக்கம் 15,000-ல நின்னுடுது.

வரிசை எங்க வேலையிலயும் இப்படித்தான். பல வருஷமா குடிச்சு, சாப்பாடு இல்லாம, குழம்பின நிலையில ஒருத்தரைக் கொண்டு வந்தா முதல்ல தயமின், அதாவது வைட்டமின் பி1. அப்புறம்தான் குளுக்கோஸ். குளுக்கோஸை எரிக்க உடம்புக்கு தயமின் வேணும். இருக்கிற கொஞ்சத்தையும் குளுக்கோஸ் தின்னுட்டா மூளை பாதிக்கப்படலாம். சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தா மட்டும் காத்திருக்க மாட்டோம், ரெண்டையும் சேர்த்தே ஏத்துவோம்.

சரி, கேமுக்கு வருவோம். 2 மடங்கு இருக்கும்போது எவனாவது 1.5 மடங்கைத் தேடிப் போவானா? போவாங்க. அனுபவசாலிங்க பல பேர் அதைத்தான் தேடிப் போறாங்க. 2 மடங்கு ரியாக்‌ஷன் கீழே ஒட்டியிருக்கிற நெருப்பை ஒரே அடியில கரைச்சிடும், அடுத்த அடிக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது. 1.5-ல தண்ணி மெதுவாக் கரையும். சாதாரண அளவு தண்ணி ரெண்டு நெருப்பு அடிக்குத் தாங்கும். அதனால வேகமா, தொடர்ந்து நெருப்பால அடிக்கிற ஆள் இருந்தா 1.5 தான் லாபம். ஷியாங்லிங் சுத்த விடற நெருப்பு வளையமும், ஷிங்ச்சியுவோட மழை வாளும் இத்தனை வருஷம் கழிச்சும் மவுசு குறையாம இருக்கிறது இதனாலதான். ரெண்டு பேரும் தங்கள் திறமையைப் போட்டுட்டு ஓரமாப் போயிடலாம், வேலை பாட்டுக்கு நடக்கும். ஷியாங்லிங்குக்குக் காசு வேண்டாம், ஸ்பைரல் அபிஸ் மூணாவது மாடியை முடிச்சா இலவசம்.

பலருக்குத் தெரியாத இன்னொரு சங்கதி. ஒவ்வொரு அடியும் எலிமென்ட்டை ஒட்டாது. பெரும்பாலான தாக்குதல்கள்ல ஒரு அடி ஒட்டினா அடுத்த ரெண்டு ஒட்டாது, நாலாவதுதான் திரும்ப ஒட்டும். இல்லேன்னா 2.5 விநாடி கடந்திருக்கணும். "வேகமாத் தட்டுறேன், ஆனா ரியாக்‌ஷன் எப்பவாவதுதான் வருது"ன்னு புலம்பறவங்க இதை ஒரு தடவை கவனிச்சுப் பாருங்க.

மத்த ரியாக்‌ஷன்களை வேகமா ஓட்டிடறேன். நெருப்பு, மின்சாரம் சேர்ந்தா ஓவர்லோட். வெடிச்சுச் சின்ன எதிரிங்க நாலா பக்கமும் சிதறும், நாம வாளைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொண்ணு பின்னாடியும் ஓடணும். எனக்குப் பிடிக்காது. பாறைக் கவசத்தை உடைக்க மட்டும் கூப்பிடுவேன். பனி, மின்சாரம் சேர்ந்தா சூப்பர்கண்டக்ட். எதிரியோட உடல் தாக்குதல் எதிர்ப்பை 12 விநாடிக்கு 40% குறைக்கும். வெறும் வாளால அடிக்கிற ஆள் டீம்ல இல்லேன்னா இதனால பெரிய பிரயோஜனம் இல்லை. பேர்தான் சூப்பர். தண்ணி, பனி சேர்ந்தா எதிரி உறைஞ்சு நிப்பான். சின்னவங்க கிட்ட அருமையா வேலை செய்யும், பெரிய பாஸ் உறையமாட்டான். மழை பெய்யும்போது எல்லாரும் ஏற்கெனவே நனைஞ்சுதான் இருப்பாங்க, பனியை மட்டும் வீசினா போதும். இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

காத்து எப்பவும் ரெண்டாவதாத்தான் வரணும், அது தானா ஒட்டாது. முதல்ல நெருப்போ தண்ணியோ மின்சாரமோ பனியோ போட்டு, அப்புறம் காத்தை விட்டா பக்கத்துல இருக்கிற எல்லார் மேலயும் பரவும். விரிடெசென்ட் வெனரர் ஆர்ட்டிஃபாக்ட் நாலும் போட்டிருந்தா, பரவின எலிமென்ட்டுக்கு எதிரியோட எதிர்ப்பு சக்தி 40% இறங்கும். காத்து ஆளுக்கு வேற எதையும் யோசிக்காம இதைப் போட்டுடுங்க.

இப்ப எனக்குப் பிடிச்சதுக்கு வரேன். ஹைப்பர்ப்ளூம். செடியும் தண்ணியும் சேர்ந்தா தரையில ஒரு பச்சை விதை விழும். சும்மா விட்டா 6 விநாடியில தானா வெடிக்கும். அதுக்குள்ள மின்சாரம் தொட்டா, விதை அம்பு மாதிரி எதிரியைத் தேடிப் போய்க் குத்தும். இந்த டேமேஜுக்கு கிரிட் வேண்டாம், அட்டாக் வேண்டாம். விதையைத் தொட்ட மின்சாரக்காரரோட லெவலும் எலிமென்டல் மாஸ்டரியும்தான் கணக்கு. மத்தவங்களுக்கு நல்ல ஆர்ட்டிஃபாக்ட் கிடைக்காம மாசக்கணக்கா அலையறோமே, இங்க ஒரே ஒருத்தருக்கு மாஸ்டரி ஏத்தினா முடிஞ்சது. கதையில சுமேரு வரைக்கும் போனா டென்ட்ரோ ஆயிடற ட்ராவலர், இலவச பார்பரா, இலவச லிசா. நயா பைசா செலவில்லாத டீம். ஓட்டம் கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும், ஆனா ஓடும். விதை நம்ம காலடியில வெடிச்சா நமக்கும் கொஞ்சம் அடி விழும், தள்ளி நில்லுங்க.

இந்த ஹைப்பர்ப்ளூம் எங்க ஓபியில ஒரு நாள் உதவிக்கு வந்துச்சு. அடையாளம் தெரியாம விவரங்களை மாத்திட்டுச் சொல்றேன். 19 வயசுப் பொண்ணு, நுரையீரல்ல காசநோய். மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மாசம் முடியப் போகுது. அவங்க அம்மா, "இருமல் சுத்தமாப் போயிடுச்சு சார், நாலு கிலோ ஏறிட்டா. மாத்திரையைப் பார்த்தாலே குமட்டுதுங்கிறா. யூரின் வேற ஆரஞ்சு கலர்ல போகுதாம். நிறுத்திக்கலாமா?"ன்னு கேட்டாங்க. பொண்ணு எதுவும் பேசலை. முடிவு பண்ணிட்டு வந்த முகம்.

ஆரஞ்சு நிறம் ரிஃபாம்பிசின் தர்ற நிறம், பயம் வேண்டாம்னு சொன்னேன். குமட்டலை அப்படி விடக்கூடாது. கல்லீரல் டெஸ்ட் எடுத்தோம், நார்மல். லேசா ஏதாவது சாப்பிட்டுட்டுப் போடச் சொன்னேன். கண் மஞ்சளானாலோ வாந்தி நிக்காம வந்தாலோ அன்னிக்கே வரணும்னும் சொன்னேன். முகம் மாறலை. அப்பத்தான் அவள் போன் கவர்ல பைமோன் ஸ்டிக்கரைப் பார்த்தேன்.

"எந்த டீம்மா வச்சிருக்க?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. அவள் மெதுவா, "ஹைப்பர்ப்ளூம் சார்."

"டென்ட்ரோவை வீட்ல விட்டுட்டுப் போவியா?"

"விதையே வராதே சார்."

"சரி, பாஸுக்குக் கால்வாசி உசுர்தான் இருக்கு. போதும்னு வெளிய வந்துட்டா?"

"திரும்ப ஃபுல்லாயிடும்."

"அங்க அதே பாஸ் திரும்ப வரும். இங்க உன் மருந்தைப் பழகிட்ட பாஸ் வரும்."

கொஞ்ச நேரம் யோசிச்சா. "பைரோ ஸ்லைமை பைரோவால அடிக்கிற மாதிரியா சார்?"

அதேதான். அடிச்சுக்கிட்டே இருக்கலாம், ஒண்ணும் ஆகாது. அப்புறம் அவளே கேட்டா, "நாலு மாத்திரையும் உள்ளே போய் ரியாக்‌ஷன் ஆகுமா?" நல்ல கேள்வி. ஆகாது, இங்கதான் கேம் கணக்கு உதவாது. மருந்துகள் சேர்ந்து புதுசா ஒண்ணை உண்டாக்கறதில்லை. வேகமாப் பெருகுற கிருமியை ஐசோனியசிட் அடிக்கும். பதுங்கிக் கிடந்து அப்பப்ப தலைதூக்குறதை ரிஃபாம்பிசின் பிடிக்கும். அமிலச் சூழல்ல ஒளிஞ்சிருக்கிறதை பைரசினமைடு. மத்ததுக்கு அசராத கிருமி கிளம்பிடாம காவல் நிக்கிறது எத்தாம்புட்டால். முதல் ரெண்டு மாசம் நாலும், அடுத்த நாலு மாசம் பைரசினமைடு தவிர மூணும்.

ஏன் ஒரே மருந்து போதாது? ஐசோனியசிட்டுக்கு அசராத கிருமி ஏறத்தாழ 10 லட்சத்துல ஒண்ணு இயற்கையாவே இருக்கும். ரிஃபாம்பிசினுக்கு 10 கோடியில ஒண்ணு. நுரையீரல் குழியில கோடிக்கணக்குல கிருமி இருக்கறதால ஒத்தை மருந்துக்குத் தப்பிக்க நிச்சயம் ஆள் இருக்கும். ரெண்டுக்கும் சேர்ந்து தப்பிக்கணும்னா ரெண்டு எண்ணையும் பெருக்கணும், நூறு லட்சம் கோடியில ஒண்ணு. 1948-ல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வுலயே இது தெரிஞ்சுபோச்சு. ஒரே மருந்துல முதல்ல தேறினவங்க பலருக்கு, மருந்துக்கு அசராத கிருமி வந்துச்சு. கூட்டு மருந்தை வீட்டுல இருந்தே சாப்பிட்டாலும் குணமாகும்னு உலகத்துக்குக் காட்டினது நம்ம சென்னை. 1956-ல் இங்க தொடங்கின காசநோய் மருந்தாய்வு மையம்.

இப்ப அவளுக்கு அஞ்சாவது மாசம் ஓடுது. மாத்திரையை ஒரு நாளும் விடலைன்னு அம்மா சொல்றாங்க. போன தடவை வந்தப்ப பார்பராவுக்கு என்ன ஆர்ட்டிஃபாக்ட் போடலாம்னு கேட்டுட்டுப் போனா. வெளிய 60 பேர் வரிசையில நிக்கிறாங்க.

பெற்றோருக்கு ஒண்ணு. இந்த கேம்ல கவனிக்க வேண்டியது சண்டையை விட, புது ஆளை எடுக்கிற குலுக்கல். உயர்ந்த ரக ஆள் வர்ற வாய்ப்பு ஒரு குலுக்கலுக்கு 0.6%. 90-வதுல கட்டாயம் ஒருத்தர் வருவார், ஆனா நீங்க கேட்டவர்தான் வருவார்னு உறுதி இல்லை. 2025 ஜனவரியில அமெரிக்க வணிக ஆணையத்தோட வழக்கை முடிக்க, கேமை அங்கே நடத்துற நிறுவனம் 2 கோடி டாலர் கட்டவும், 16 வயசுக்குக் கீழே இருக்கறவங்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாம குலுக்கல் விற்காம இருக்கவும் ஒத்துக்கிச்சு. பிள்ளை போன்ல கார்டு நம்பரைச் சேமிச்சு வைக்காதீங்க. மேல சொன்ன டீமுக்குக் காசு தேவையே இல்லைன்னு பிள்ளைங்களுக்கும் காட்டுங்க.

பார்பரா பத்தி அந்தப் பொண்ணுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லிடறேன். சிகிச்சை பண்றதுக்கு அவளோட தண்ணி வளையம் அருமை, ஆனா அது நம்மளையும் நனைச்சிடும். நனைஞ்ச உடம்போட பனி வீசுற எதிரி முன்னாடி போனா, உறைஞ்சு நிக்கப் போறது நாமதான். ட்ராகன்ஸ்பைன் மலைக்குப் போகும்போது வேற ஹீலரைக் கூட்டிட்டுப் போங்க.