“பார்சல் வேணாம், இங்கேயே சாப்பிடுறோம்!”

எங்கள் அம்மாவுக்கு வயது 71. கல்யாணமாகி வேடசந்தூருக்கு வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. அங்கிருந்து திண்டுக்கல் 20 கிலோமீட்டர் சொச்சம்தான். ஜவுளி எடுக்க, பிரசவத்துக்கு, பல் பிடுங்க, மாசி மாதம் கோட்டை மாரியம்மனைக் கும்பிட என்று நூறு தடவையாவது திண்டுக்கல் போய் வந்திருப்பார். ஆனால், அந்த ஊர் பிரியாணிக் கடை ஒன்றில் உட்கார்ந்து ஒரு கவளம் சாப்பிட்டது கிடையாது. இது எனக்கே இந்தப் பொங்கல் லீவில்தான் தெரிந்தது.

“ஏம்மா, நம்ம வீட்ல திண்டுக்கல் பிரியாணி சாப்பிடாத மாசமே கிடையாதே?” என்றேன்.

“அது பார்சல்டி” என்றார்.

அப்பா வேடசந்தூரில் இரும்புக்கடை வைத்திருந்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பூட்டு, கீல், தாழ்ப்பாள் வாங்கத் திண்டுக்கல் போவார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, என்னவோ தனக்கே விருது கொடுத்த மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். கையால் செய்த மாங்காய்ப் பூட்டு ஒன்று இன்னும் எங்கள் வீட்டுப் பின்வாசலில் தொங்குகிறது.

சரக்கு எடுத்து முடித்ததும் மத்தியானச் சாப்பாடு அங்கேயே பிரியாணி. சாயங்காலம் வரும்போது எங்களுக்கு ஒரு பார்சல். நியூஸ் பேப்பரைப் பிரித்தால் வாழை இலை, அதைப் பிரித்தால் வீடே மணக்கும். அண்ணன்கள் இரண்டு பேர், நான், பாட்டி. எங்களுக்குப் பங்கு வைத்தது போக இலையில் ஒட்டியதை அம்மா வழித்துச் சாப்பிடுவார். அப்போது எனக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. “அவுக அத்தனை வருஷம் உக்காந்து சாப்பிட்ட எடம் எப்படித்தான் இருக்கும்னு ஒருநாள் பாக்கணும்” என்று அம்மா சொன்ன மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டோம்.

கரூர் ரோட்டில் பஸ் வரும்போது தாடிக்கொம்பு தாண்டியதும் மலைக்கோட்டையைத் தேடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்களுக்கு ஜன்னல் சீட். திண்டு மாதிரி படுத்திருக்கும் ஒற்றைக் கல் என்பதால் திண்டுக்கல் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 1605-ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டை. பிறகு ஹைதர் அலி 1755-ல் இங்கே பௌஜ்தாராக வந்து உட்கார்ந்தார். கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைகள், நடுவே இந்தச் சமவெளி. மதுரை, திருச்சி, கரூர், பழனி என்று எந்தப் பக்கம் போகிறவரும் இந்த ஊரைத் தொடாமல் போக முடியாது.

வருகிறவன் எல்லாம் பசியோடுதான் வருவான். பூட்டுப் பட்டறை, தோல் ஷாப், நூல் மில், புகையிலை வியாபாரம், வெங்காயப் பேட்டை என்று உடம்பால் உழைக்கிற தொழில்களாகவே கூடிய ஊர் இது. இங்கே சாப்பாட்டுக் கடைகள் இவ்வளவு செழித்ததற்கு என் கணக்கில் அதுதான் காரணம். சமையல் ரகசியமெல்லாம் அப்புறம்.

காலை டிபனுக்கு ரத வீதிப் பக்கம் ஒரு சைவ ஹோட்டலுக்குப் போனோம். இட்லி, வடை, காபி. குறை சொல்ல ஒன்றுமில்லை, புகழவும் ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே நுழைந்ததும் அம்மா கேட்ட கேள்வி மட்டும் மனதில் நின்றுவிட்டது.

“ஃபேமிலி ரூம் எந்தப் பக்கம்?”

இளசுகளுக்கு இது புரியாது. அந்தக் காலத்து ஹோட்டல்களில் கடைசியில் ஒரு தடுப்பு இருக்கும். பாதிக் கதவு, இல்லாவிட்டால் பச்சைத் துணியில் ஒரு திரை. பெண்கள் வந்தால் நேராக அதற்குள் போய்விட வேண்டும். ஃபேன் ஓடாது. சர்வர் எட்டிப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்பதற்குள் பசி போய்விடும். அதுவும் சைவ ஹோட்டலில்தான். ‘மிலிட்டரி ஹோட்டல்’ என்று போர்டு போட்ட அசைவக் கடைகளில் பெரும்பாலும் அந்தத் திரைகூடக் கிடையாது. அங்கே பெண்கள் வருவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவே இல்லை.

யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது நம் ஊரில் சின்ன விஷயமாக இருந்ததே இல்லை. சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில், பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி பெரியார் மறியல் நடத்தியது 1957-ல்.

அதே 1957-ல்தான் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு ‘ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல்’ ஆரம்பித்தார். அவர் எப்போதும் தலையில் தலப்பா கட்டியிருப்பார். வந்து சாப்பிட்டவர்கள் ஆனந்த விலாஸை மறந்துவிட்டு ‘தலப்பாக்கட்டு நாயுடு கடை’ என்றே கூப்பிட, அதுவே பெயராக நின்றுவிட்டது. கடைக்காரர் வைத்த பெயரை வாடிக்கையாளர்கள் மாற்றிவிட்டார்கள். பின்னால் அந்தப் பெயருக்கு உரிமை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது தனிக்கதை. இன்றைக்கு வெளிநாடுகளிலும் கிளைகள் இருக்கின்றன. ஊருக்குள் வேணு, பொன்ராம், முஜிப், சிவா என்று அத்தனை பேருக்கும் ரசிகர் கூட்டம் உண்டு. நடிகர்களுக்கு இருப்பது மாதிரியே சண்டையும் உண்டு.

டிபனுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் மூன்று மணி நேரம் இருந்தது. மணிக்கூண்டைச் சுற்றி நடந்தோம். பிறகு ஆட்டோ பிடித்துப் பேகம்பூர். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரால் அமைந்த பகுதி. அவருடைய அடக்கத்தலம் அங்குள்ள பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் இருக்கிறது. தோல் தொழிலும் அந்தப் பக்கத்தை ஒட்டித்தான் வளர்ந்தது.

ஒரு டீக்கடையில் வெங்காயச் சமோசா சுடச்சுட வந்து இறங்கியது. அம்மா ஒன்று சாப்பிட்டார். கடையில் நின்றிருந்த ஆண்கள் நகர்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். “உக்காருங்கம்மா” என்றார் டீ மாஸ்டர். அம்மா அரை நிமிஷம் யோசித்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். டீக்கடை பெஞ்சில் அம்மா உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பன்னிரண்டரைக்கு அப்பா சாப்பிடும் கடைக்குப் போனோம். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் திண்டுக்கல்காரர்களில் பாதிப் பேர் “அதைவிட இது நல்லாருக்குமே” என்று சண்டைக்கு வருவார்கள்.

வாசலில் கூட்டம். கல்லாவில் இருந்த பையன் எங்களைப் பார்த்ததும் பழக்கத்தில், “எத்தனை பார்சல்க்கா?” என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்: “பார்சல் வேணாம், இங்கேயே சாப்பிடுறோம்.”

உள்ளே ஏசி, வெள்ளை டைல்ஸ். அம்மா மனசில் வைத்திருந்த இடம் இது இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. சுற்றிலும் பார்த்தார். பக்கத்து டேபிளில் காலேஜ் பெண்கள் ஐந்து பேர், எதிரே கைக்குழந்தையோடு ஒரு குடும்பம், மூலையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் ஒரு போலீஸ்காரம்மா. பாதிக்குப் பாதி பெண்கள்.

“இவ்வளவு பொம்பளைங்க வர்றாங்களா?” என்றார், கொஞ்சம் சத்தமாகவே.

வாழை இலையில் மட்டன் பிரியாணி வந்தது. கூட தால்ச்சா, தயிர் வெங்காயம்.

திண்டுக்கல் பிரியாணியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. இதில் பாசுமதி கிடையாது. சீரகச் சம்பா. சீரகம் மாதிரியே பொடிப் பொடியாக இருக்கும் அரிசி. பாசுமதி வெந்தால் நீளும், மசாலா அதன் மேலே பூசினாற்போல நிற்கும். சீரகச் சம்பா நீளாது. கறி வெந்த சாற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் கறி இல்லாத வாயிலும் கறி ருசி இருக்கும். கறியைச் சின்னச் சின்னத் துண்டாகப் போடுவார்கள். புளிப்புக்குத் தக்காளியைவிடத் தயிரையும் எலுமிச்சையையும்தான் நம்புவார்கள். காரம் மிளகாயில் இருப்பதைவிட மிளகில் அதிகம் தெரியும். ஆம்பூர் பிரியாணியும் சீரகச் சம்பாதான் என்றாலும், அங்கே மிளகாய் விழுதும் பக்கத்தில் கத்திரிக்காயும். பக்கத்து வீட்டுக்காரர்கள், ஆனால் சொந்தக்காரர்கள் இல்லை.

கடைசியில் தம். பாத்திரத்தை மூடி, மூடி மேல் தணலைப் போட்டு, மேலும் கீழுமாகச் சூடு கொடுத்து இறக்குவார்கள். ஆட்டுக்குக் கன்னிவாடி, பரமத்தி சந்தை என்று பெரிய கடைகள் பெருமையாகச் சொல்லும். சின்ன வெங்காயத்துக்கு எங்கேயும் போக வேண்டாம், திண்டுக்கல்லே பெரிய வெங்காயச் சந்தைதான்.

அம்மா முதல் வாய் எடுத்து வைத்தார். மென்றார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாய்.

“இது வேற சாப்பாடுடி” என்றார்.

“என்னம்மா, நல்லா இல்லையா?”

“நல்லாருக்கு. ஆனா நமக்கு வந்தது இது இல்ல.”

யோசித்துப் பார்த்தால் அது சரிதான். பார்சல் கட்டி, சரக்கு மூட்டைகளோடு பஸ்ஸில் இரண்டு மணி நேரம் அலைந்து வரும் பிரியாணி, இலைக்குள்ளேயே தன் ஆவியில் இன்னும் கொஞ்சம் வெந்துகொண்டிருக்கும். சோறு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மிளகுக் காரம் மட்டுப்பட்டு, வாடிய இலையின் வாசம் ஏறிவிடும். தால்ச்சா ஆறி இறுகிப் போயிருக்கும். இங்கே இலையில் விழுந்தது பொலபொலவென்று உதிர்ந்தது. மிளகு நேராக மூக்குக்கு ஏறியது. ஒரே அண்டாவில் வெந்த பிரியாணி, அப்பாவுக்கு ஒரு சாப்பாடாகவும் எங்களுக்கு வேறொரு சாப்பாடாகவும் இருந்திருக்கிறது.

“எது நல்லாருக்கும்மா? இதுவா, அதுவா?”

பதில் இல்லை. “தயிர் வெங்காயம் இன்னும் கொஞ்சம் கேளு” என்றார்.

தயிர் வெங்காயம் கொண்டு வந்தவர் நரைத்த தலைக்காரர். “இங்க ரொம்ப வருஷமா இருக்கீங்களா?” என்று அம்மா கேட்டார். முப்பது வருஷம் என்றார் அவர். வேடசந்தூர் இரும்புக்கடைக்காரர், சிவப்பா, ஒல்லியா, பை நிறையப் பூட்டோடு வருவார் என்று அம்மா அடையாளம் சொன்னார். அவர் நிஜமாகவே நினைத்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. “நெறையப் பேரு வருவாங்கம்மா…” என்று சங்கடமாகச் சிரித்தார்.

அவர் போனதும் நான்தான் கோபப்பட்டேன். அப்பா மேல். “ஒரு தடவையாவது உன்னைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்லம்மா? முப்பது நாப்பது வருஷம் வந்திருக்காரு.”

அம்மா எலும்பை ஓரமாக ஒதுக்கினார். “கேட்டிருந்தா கூட்டிட்டு வந்திருப்பாக. நான் கேக்கல.”

“ஏன் கேக்கல?”

“கேக்கணும்னே தோணலடி. ஜவுளிக் கடைக்கு வர்றப்பல்லாம் இந்தத் தெரு வழியாத்தான் போவோம். வாசம் வரும். இது ஆம்பளைங்க சாப்பிடுற எடம்னு நெனச்சுக்கிட்டுப் போயிருவேன். அவுகளுக்கும் அப்படித்தான் தோணியிருக்கும்.”

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. அம்மா இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. முழு இலையும் அவருக்கே என்பதால் வழித்துச் சாப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் கடைசியில் விரலால் ஒருமுறை வழித்தார். பழக்கம்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு போகும் வழியில் சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கினோம். தோல் தடித்து, லேசான புளிப்போடு இருக்கும் மலைப்பழம். வைத்திருந்தால் அழுகாமல் சுருங்கும், சுருங்கச் சுருங்க இனிக்கும். நோய் தாக்கி ஒரு காலத்தில் சிறுமலையில் இந்த வாழை அழிகிற நிலைக்கே போனது. 2008-ல் விருப்பாட்சியோடு சேர்த்து இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விலையைக் கேட்டு அம்மா பழக்காரியிடம் பத்து நிமிஷம் பேரம் பேசினார். அதில் மட்டும் திண்டுக்கல் அவருக்குப் புது ஊர் இல்லை.

நீங்கள் குடும்பத்தோடு போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் நிற்பார், பெரியவர்களுக்குச் சரிப்படாது. வார நாளில் பன்னிரண்டு மணிக்கே போய் உட்கார்ந்தால் முதல் தம் கிடைக்கும்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. “அம்மா, பக்கத்து வீட்டு அத்தைக்குப் பார்சல் வாங்கலையே! கேட்டாங்கள்ல?”

“ஞாபகம் இருக்கு. வேணும்னுதான் வாங்கல” என்றார் அம்மா. “அவளும் இங்க வந்து சாப்பிட்டதில்ல. அடுத்த மாசம் கூட்டிட்டு வரணும்.”

தாடிக்கொம்பு தாண்டும்போது ஜன்னலோரம் தூங்கிவிட்டார்.