ராத்திரி ஒன்றரை மணி

எங்க அக்கா பையன் தானாகவே வந்து, "மாமா, புதன்கிழமை ராத்திரி காவலுக்கு நானும் வர்றேன்" என்று சொன்னபோதே எனக்குச் சந்தேகம். ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறான். காவலுக்குக் கூப்பிட்டால் தலைவலி, இடுப்பு வலி, காலையில் ஷிப்ட் என்று ஏதாவது ஒன்று இருக்கும். இந்தத் தடவை லீவே போட்டிருக்கிறான்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. நவம்பர் 27, புதன்கிழமை ராத்திரி லிவர்பூலுக்கும் ரியல் மாட்ரிட்டுக்கும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். அவர்கள் ஊரில் அது ராத்திரி எட்டு மணி. நமக்கு ஒன்றரை மணி. வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் எங்க அக்கா செல்போனைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிடும். பரண் மேலே யார் கேட்கப் போகிறார்கள்?

"டேய், ஆனை வர்ற நேரமும் அதேதான்டா" என்றேன்.

"அதான் மாமா, ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிடும்."

நகரத்தில் இருக்கிற உங்களுக்கு எங்க ஊர் காவல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற ரோட்டில் இருக்கிறது சானமாவு காடு. வருசா வருசம் ஐப்பசி, கார்த்திகையில் பன்னார்கட்டா பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் கிளம்பி, தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை காடு வழியாக இந்தப் பக்கம் வரும். சிலது ஊடேதுர்க்கத்தில் நிற்கும், சிலது சானமாவு, போடூர்பள்ளம் வரைக்கும் வரும். பகலில் காட்டுக்குள் நிற்கும், இருட்டினால் வயலுக்கு இறங்கும். அது வருகிற மாசமும் எங்க ராகி பால் பிடித்து முற்றுகிற மாசமும் ஒன்றுதான். ஒரு வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ அளவுக்குத் தீனி வேண்டும். ஒரு குடும்பமாக இறங்கினால் ஒன்றரை ஏக்கர் ராகி எந்த மூலைக்கு? தின்பதைவிட மிதிப்பது அதிகம்.

கரண்ட் வேலி போட்டுவிட்டு வீட்டில் தூங்குகிறவர்களும் உண்டு. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் அப்படிப் போட்ட வேலியில் மூன்று யானைகள் செத்துப் போயின. இரண்டு குட்டிகள் மட்டும் மிச்சம். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த யோசனையே வராது. அதனால் எங்களுக்குப் பரண், டார்ச், தகர டின், பட்டாசு, ஒரு நாய். அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க எங்க ரோட்டு பேக்கரியில் இதே பேச்சு. கடை நடத்துகிற சேட்டன் மலப்புரத்துக்காரர், ரியல் மாட்ரிட் கட்சி. என் மருமகன் லிவர்பூல் கட்சி. தோற்றவர் ஒரு வாரம் டீ வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம்.

"இவ்வளவு பதட்டப்படற அளவுக்கு என்னடா இருக்கு?" என்று கேட்டேன். பையன் கணக்குச் சொன்னான். லிவர்பூல் கடைசியாக மாட்ரிட்டை ஜெயித்தது 2009 மார்ச்சில், நாலுக்கு சைபர். அதற்கப்புறம் ஒரு தடவைகூட இல்லை. 2018 கீவ் நகரத்தில் ஃபைனல். சலா தோள்பட்டையில் அடிபட்டு அழுதுகொண்டே வெளியே போனார், மூன்றுக்கு ஒன்று தோல்வி. 2022 பாரிஸில் மறுபடி ஃபைனல், ஒன்றுக்கு சைபர் தோல்வி. 2023 பிப்ரவரியில் சொந்த மைதானத்திலேயே இரண்டு கோல் முன்னால் போய்விட்டு அஞ்சு வாங்கினார்கள். "பதினஞ்சு வருசம் மாமா. அப்போ நான் ஸ்கூல் பையன்." இவன் பங்காளிச் சண்டை பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான்.

"அந்த ஊர்ல உனக்கு மாமனா, மச்சானா? எவனோ ஆடறான், நீ ஏன் வயிறு கலங்கற?"

"உங்களுக்கு மட்டும் எங்கேயோ இருந்து வர்ற ஆனைல ஒவ்வொண்ணும் அடையாளம் தெரியுது. அது ஒத்தைக் கொம்பு, இது கிழிஞ்ச காதுன்னு பேர் வெச்சுக் கூப்பிடல?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

புதன்கிழமை சாயங்காலமே ஊர் குரூப்பில் செய்தி வந்துவிட்டது: கூட்டம் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது, யாரும் தனியாகத் தோட்டத்துக்குப் போக வேண்டாம். போதாததற்கு வங்கக் கடலில் புயல் சின்னம் என்று டிவியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராகி அறுப்புக்கு வெள்ளிக்கிழமை ஆள் சொல்லியிருந்தேன். யானையிடம் தப்பினால் மழை, மழையிடம் தப்பினால் யானை என்ற நிலைமை. இவன் கவலை சலா ஆடுவாரா என்பது.

களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுப் பத்தரைக்குப் பரண் ஏறினோம். அமாவாசைக்கு மூன்று நாள் இருந்தது. கும்மிருட்டு. ஊடுபயிராகப் போட்ட அவரை பூத்திருந்தது, அந்த வாசனையோடு பனியும் இறங்க ஆரம்பித்தது. நான் கண்டிஷன் போட்டேன். சத்தம் வைக்கக் கூடாது. காதில் எதையும் மாட்டக் கூடாது. வெளிச்சத்தைக் குறைச்சு, போர்வைக்குள் வைத்துத்தான் பார்க்கணும். கோல் விழுந்தாலும் கத்தக் கூடாது. கண்ணு செல்லுல இருக்கட்டும், காது வயல்ல இருக்கணும். தலையாட்டினான்.

அதுவரைக்கும் மூன்று மணி நேரம் அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கணுமே. அஞ்சு நிமிசத்துக்கு ஒருமுறை மணி பார்ப்பான். இப்போது புது முறையாம், 36 அணி, ஆளுக்கு எட்டு ஆட்டம். இவர்கள் முதல் நாலையும் ஜெயித்திருக்கிறார்கள். புது கோச் ஸ்லாட் வந்த பிறகு ஆட்டமே மாறிவிட்டது. மாட்ரிட்டுக்கு வினீசியஸ் அடிபட்டுக் கிடக்கிறார். எல்லாம் கிசுகிசுப்பாக. நானும் இடையிடையே இருட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். உண்மையைச் சொன்னால், பல வருசமாகத் தனியாக விழித்திருந்த பரணில் அன்றைக்குத்தான் நேரம் போனது தெரியவில்லை.

ஒன்றரைக்கு ஆரம்பித்தது. சிக்னல் நின்று நின்று வந்தது. முதல் பாதி யாரும் கோல் போடவில்லை. இரண்டாம் பாதி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மக் அலிஸ்டர் ஒரு கோல் போட்டார். பையன் போர்வையைக் கடித்துக்கொண்டு பரண் கட்டையைக் குத்தினான். சத்தம் இல்லை. சொன்ன பேச்சைக் காப்பாற்றினான்.

அதற்குப் பிறகு மாட்ரிட்டுக்குப் பெனால்ட்டி. அடிக்க வந்தது எம்பாப்பே. இந்த இடத்தில் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கண்டிஷன் போட்டவன் நான். ஆனால் அந்த நிமிசம் என் காதும் செல்லுக்குள்தான் இருந்தது. அவர் ஓடி வருகிறார், அடிக்கிறார், கோல்கீப்பர் கெல்லஹர் பாய்ந்து தட்டிவிடுகிறார். நான் "ஆஹ்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பையன் என் கையை இறுக்கிப் பிடித்தான். சந்தோசத்தில் என்று நினைத்தேன்.

"மாமா, உஸ்... நாயி."

நாய் குரைக்கவில்லை. பரணுக்கு அடியில் வந்து ஒடுங்கியிருந்தது. அப்புறம்தான் எனக்கும் கேட்டது. கிழக்கு வரப்பு ஓரம், ராகியைச் சுருட்டிப் பிடுங்கி, மண் போகக் காலில் தட்டுகிற சத்தம். ஒரு தடவை கேட்டவர்களுக்கு மறக்காது.

செல்லை அணைத்தான். டார்ச் அடித்ததில் மூன்று நிழல், ஒன்று குட்டி. குட்டி இருந்தால் தாய் நேராக வரும், அதனால் கீழே இறங்கவில்லை. தகரத்தைத் தட்டினோம், பட்டாசை அதுகளுக்கு எதிர்ப்பக்கம் இல்லாமல், காட்டுக்குப் போகிற வழியை விட்டு இந்தப் பக்கமாகக் கொளுத்திப் போட்டோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் சத்தம் கொடுத்தார்கள். தாய் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு குட்டியை முன்னால் விட்டு, அவசரமே இல்லாமல் ஏரிக்கரைப் பக்கம் திரும்பியது.

மூச்சு வந்தபோது மணி மூன்றரை. செல்லைத் திறந்தான். ஆட்டம் முடிந்திருந்தது. இரண்டுக்கு சைபர். இரண்டாவது கோலையும் பார்க்கவில்லை, சலா ஒரு பெனால்ட்டியை வெளியே அடித்ததையும் பார்க்கவில்லை. பதினைந்து வருசம் காத்திருந்த ஜெயிப்பு, பார்க்காமலே போய்விட்டது.

"போச்சேடா" என்றேன்.

"ராகி இருக்குல்ல மாமா" என்றான்.

விடிந்து பார்த்தால் பத்து சென்ட் போயிருந்தது. இன்னும் அஞ்சு நிமிசம் நான் அந்த ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பாதி போயிருக்கும், பரணுக்கும் வந்திருக்கும். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் அன்றைக்கே கிடைத்த ஆளை வைத்து அறுக்க ஆரம்பித்தோம். பையன் இன்னொரு நாள் லீவு போட்டு, கட்டு சுமந்து, போர் போட்டு, தார்ப்பாய் கட்டினான். சனி ராத்திரி புயல் கரையைக் கடந்தது. எங்க மாவட்டத்திலேயே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அங்கே ஜனங்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் பத்து சென்ட் ராகி எனக்கு ஒரு நஷ்டமே இல்லை.

சேட்டன் பந்தயப்படி டீ கொடுக்கிறார், "வினீசியஸ் இருந்திருந்தா" என்று சொல்லிக்கொண்டே. போர் இன்னும் களத்தில்தான் இருக்கிறது, அடித்துத் தூற்றும்வரை காவல் உண்டு. நேற்று பையன் வந்து, "மாமா, டிசம்பர் 10 ஜிரோனா கூட ஆட்டம்" என்றான்.

"எத்தனை மணிக்கு?"

"ராத்திரி பதினொண்ணே கால். ஆனை வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

சரி வா என்று சொல்லியிருக்கிறேன்.