ரிச்சி தெருவும் ஒரு சின்ன ஓட்டையும்

சென்னையில் கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை என்றால் தூக்கிக்கொண்டு ஓடுகிற பெரியாஸ்பத்திரி ரிச்சி தெரு. அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால் வந்துவிடும். மெட்ரோ பார்ட்டிகள் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடக்கலாம். பைக்கில் வருபவர்களுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். நிறுத்த இடம் கிடைப்பதற்குள் உங்கள் பிராசஸர் இரண்டு தலைமுறை பழசாகிவிடும்.

பேர்தான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று அக்கம்பக்கத்துச் சந்துகளெல்லாம் சேர்ந்துதான் ரிச்சி தெரு. ஒரு காலத்தில் ரேடியோ உதிரிபாகம் விற்ற இடம். அப்புறம் டி.வி., கம்ப்யூட்டர், இப்போது சி.சி.டி.வி. உள்ளே கால் வைத்ததுமே, "என்ன ஸார் வேணும்? லேப்டாப்பா, கேமராவா?" என்று நாலு பேர் கூடவே நடந்து வருவார்கள். பதில் சொல்லாமல் நடப்பது நல்லது. சொன்னால் ஏதாவது ஒரு மாடிக்குக் கூட்டிப் போய்விடுவார்கள்.

கடை வாசல்களில் வாழைத்தார் மாதிரி கேபிள்கள் தொங்குகின்றன. பாதிக்கு மேல் டைப்-ஸி. போன வாரம் அப்படியொரு கடையில் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க ஓர் இளைஞர் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் இ.எம்.ஐ. களை. புது மானிட்டர் வாங்கியிருக்கிறார். ஆபீஸ் லேப்டாப்பில் ஒரே ஒரு டைப்-ஸி கேபிளைச் செருகினால் படம் வருகிறது, சார்ஜும் ஏறுகிறது. அதே கேபிளை வீட்டு டெஸ்க்டாப்பில் செருகினால் 'நோ சிக்னல்'. மூன்று கேபிள் மாற்றிப் பார்த்துவிட்டு, விலை உசத்தியாக நாலாவது கேட்டு வந்திருந்தார்.

கல்லாவில் இருந்த பெரியவர் கேபிளை எடுக்கவேயில்லை. "தம்பி, அந்த ஓட்டைக்குப் பக்கத்துல என்ன படம் போட்டிருக்கு?"

"எந்த ஓட்டைண்ணே?"

"கம்ப்யூட்டர் பின்னாடி. போட்டோ இருக்கா?"

செல்போனில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தார். "வெறும் யு.எஸ்.பி. இதுல படம் வராது. நீங்க தங்கத்துல கேபிள் போட்டாலும் வராது."

விஷயம் இதுதான். லேப்டாப்பில் எல்லாம் ஒரே வீட்டுச் சமையல். படம் போடுகிற சிப்பிலிருந்து அந்த டைப்-ஸி ஓட்டைக்கு ஃபாக்டரியிலேயே பாதை போட்டுவிடலாம் (எல்லா லேப்டாப்பிலும் போடுவதில்லை என்பது வேறு வயிற்றெரிச்சல்). டெஸ்க்டாப்பில் மதர்போர்டு ஒருவர் தயாரிப்பு, கிராஃபிக்ஸ் கார்டு இன்னொருவர் தயாரிப்பு. படம் பிறப்பது கார்டில். டைப்-ஸி ஓட்டை இருப்பது பெரும்பாலும் மதர்போர்டில். நடுவே ரோடு இல்லை. கோயம்பேட்டில் நின்றுகொண்டு எழும்பூர் ரயிலுக்குக் காத்திருக்கிற கதைதான். 2018-ல் என்விடியா தன் ஆர்.டி.எக்ஸ். 20 வரிசைக் கார்டுகள் பலவற்றில் ஒரு டைப்-ஸி வைத்தது. 2020-ல் வந்த அடுத்த வரிசையில் எடுத்துவிட்டது.

பெரியவர் ஒரு சாதாரண டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை எடுத்துக் கொடுத்தார். "இதை கிராஃபிக்ஸ் கார்டுல செருகுங்க." வந்த விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. இளைஞருக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு சுலபமாக முடிந்தால் யாருக்குத்தான் வரும்?

யு.எஸ்.பி. 1996-ல் வந்தது. இன்டெல்லில் அதற்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் நம் பரோடாவில் படித்த அஜய் பட். செருகினால் போகாது, திருப்பிச் செருகினால் போகாது, மறுபடி திருப்பினால் போகும் என்கிற தமாஷ் அன்று தொடங்கியது. 2014-ல் டைப்-ஸி அதைத் தீர்த்தது. எப்படிச் செருகினாலும் போகும். போன பிறகு என்ன நடக்கும் என்பதுதான் கடவுள் சித்தம். வெளியே ஒரே முகம். உள்ளே சிலது சார்ஜுக்கு மட்டும் லாயக்கு, சிலது நிதானமாக டேட்டா அனுப்பும், சிலது சினிமாவும் காட்டும். 100 ஜி.பி.யை 480 மெகாபிட் கேபிளில் அனுப்பக் காகிதக் கணக்கில் சுமார் 28 நிமிஷம். 10 கிகாபிட்டில் 80 செகண்ட். இரண்டு கேபிளும் அதே வாழைத்தாரில் அக்கம்பக்கமாகத் தொங்கலாம்.

பேரைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்கிறீர்களா? யு.எஸ்.பி. 3.0 என்று ஒன்று இருந்தது. அதையே 3.1 ஜென் 1 என்றார்கள். பிறகு 3.2 ஜென் 1 என்றார்கள். வேகம் அதே 5 கிகாபிட். கெஜட்டில் இரண்டு தடவை பேர் மாற்றிக்கொண்ட அதே ஆசாமி.

மலிவு சாமான்களின் கதை இன்னும் வேடிக்கை. இரண்டு பக்கமும் டைப்-ஸி உள்ள கேபிளில் சில டிரிம்மர்கள், டார்ச்சுகள் சார்ஜே ஏறாது. ஒரு பக்கம் பழைய தட்டை மூக்கு வேண்டும். காரணம், உள்ளே இருக்கவேண்டிய 5.1 கிலோ-ஓம் ரெஸிஸ்டர் இரண்டை வைக்காமல் மிச்சம் பிடித்திருப்பார்கள். ரிச்சி தெருவில் ரெஸிஸ்டர் என்ன விலை என்று விசாரித்துப் பாருங்கள், சிரிப்பு வரும். சிரிக்க முடியாததும் உண்டு. 2016-ல் கூகுள் இன்ஜினீயர் பென்ஸன் லியூங், வயர் மாற்றிப் பொருத்தப்பட்ட மட்டமான கேபிள் ஒன்றைச் சோதித்தார். லேப்டாப் போயே போச்சு.

அந்தக் கடையில் நிற்கும்போதே இன்னொருவர் வந்து, வயர்லெஸ் மவுஸ் திக்குகிறது என்றார். பெரியவர் ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் கேபிளை நீட்டினார். யு.எஸ்.பி. 3 சாதனம் பக்கத்தில் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலுக்கு இடைஞ்சல் என்று 2012-லேயே இன்டெல் எழுதி வைத்திருக்கிறது. மவுஸின் குட்டி ரிஸீவரைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் திக்குவாய் சரியாகும்.

போகிறவர்கள் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைத் தெளிவாகப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். "டைப்-ஸி இருக்கா?" என்று மொட்டையாகக் கேட்காமல், சார்ஜா, டேட்டாவா, படமா என்று சொல்லிக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். முக்கால்வாசி ஷட்டர் இறங்கியிருக்கும்.