எரிகிறது என்னும் சொல்

வட்டுக்கோட்டையில் வளரும் பட்டிப்பூச் செடியே வின்கிறிஸ்ரின் என்னும் புற்றுநோய் மருந்தின் மூலம். நாளத்துள் உயிர்காக்கும் அம்மருந்து, வெளியே கசிந்து சூழ்ந்த இழையங்களிற் பரவின் அவற்றைப் புண்ணாக்கி அழிக்கும். கசிந்தால் மருந்தேற்றலை உடனே நிறுத்துதல் வேண்டும். ஊசிக்குழாயைப் பிடுங்காது, எஞ்சிய மருந்தை அதன்வழியே உறிஞ்சியெடுத்தல் வேண்டும். வின்கிறிஸ்ரினுக்கு மிதவெப்ப ஒத்தடம். டொக்சோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம். இவற்றை மாற்றுதல் தகாது.

ஆயினும், கசிவைப் பெரும்பாலும் முதலில் உணர்பவர் மருத்துவரல்லர், நோயாளரே. “கை எரியுது, பிள்ளை” என்று தாதியிடம் சொல்லத் தயங்கும் மூதாட்டியின் பொறுமை இங்கு நற்குணமன்று. 1847இல் வட்டுக்கோட்டைக்கு வந்த மருத்துவர் கிறீன், பின்னர் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். நோயாளரின் மொழியைக் கற்ற மருத்துவம், நோவைச் சொல்லும் துணிவையும் அவருக்குக் கற்பித்தல் வேண்டும்.