மன்னிப்பு மட்டும் போதுமா?

2008 ஆகஸ்டில் கனடாவில் லிஸ்டீரியா நோய் பரவியது. மேப்பிள் லீஃப் ஃபுட்ஸ் நிறுவனத்தின் டொராண்டோ ஆலையில் தயாரான இறைச்சிதான் காரணம். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இப்படிப்பட்ட நேரத்தில் வழக்குக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளும் நிறுவனங்களே அதிகம். இதன் தலைவர் மைக்கேல் மெக்கெயின் தொலைக்காட்சியில் தோன்றி நேரடியாக மன்னிப்பு கேட்டார். அரசு ஆய்வாளர்கள் மீது பழி போடவில்லை. வக்கீல்கள், கணக்கர்களின் ஆலோசனையைக் காதில் வாங்கவில்லை என்றும் சொன்னார். பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் மக்களுக்கு அதைவிடப் பயன்பட்டது பாக்கெட்டில் இருந்த ஆலை எண். 97பி என்று இருந்தால் சாப்பிட வேண்டாம், அவ்வளவுதான். கிருமியைப் பற்றிய விளக்கமெல்லாம் சமையலறையில் நிற்பவருக்கு எதற்கு? சாப்பிட்டு 70 நாள் கழித்துக்கூட இந்த நோய் வரலாம் என்பதைத்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நோயுற்றவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருந்தவர்கள். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார்கள். பாக்கெட்டைப் பார்த்ததே இல்லை. ஆலைக்குள் கிருமி இருப்பது சில மாதங்களுக்கு முன்பே சோதனைகளில் தெரிந்திருந்தது. அதை அரசிடம் சொல்ல வேண்டும் என்று அப்போது சட்டம் இல்லை, நிறுவனமும் சொல்லவில்லை. 2009-ல்தான் உடனே தெரிவிப்பது கட்டாயமானது.