அரிசி மணி செய்த அட்டகாசம்

ஸ்ரீபெரும்புதூரில் இப்போது நம்மை விடியற்காலையில் எழுப்புவது உடையவர் கோவில் மணியா, ஒரகடம் செல்லும் தொழிற்சாலைப் பஸ்ஸின் ஊதலா என்று சொல்வது கடினம். என் தமையனார் அந்தப் பஸ்ஸில் போகிறவர். மோட்டார் உறுப்புகளைப் பரிசோதித்து, மயிரிழை பிசகினாலும் ஒதுக்கித் தள்ளுவது அவர் உத்தியோகம். அப்பேர்ப்பட்டவரின் சொந்த உடம்பில் பிசகியிருந்த உறுப்பு, மூன்று வருஷம் யார் கண்ணிலும் படவில்லை!

முதலில் சிறுநீரகத்தில் கல் வந்தது, எடுத்தார்கள். பிறகு எலும்பெல்லாம் நோவு, தைலம் தேய்த்தோம். அப்புறம் ஓயாத தாகம், சோர்வு. "ராப்பகலாய் உழைத்தால் உடம்பு என்ன இரும்பா?" என்றாள் மன்னி. கல்லையும் எலும்பையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். இரத்தத்தில் கால்சியத்தை அளக்கச் சொன்னார். டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் இருக்க வேண்டியது, 15 இருந்தது!

தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி போல் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை அளவோடு வைப்பது அவற்றின் வேலை. ஒன்று வரம்பு மீறினால் எலும்பைக் கரைத்து இரத்தத்தில் கொட்டும். அதுவே சிறுநீரகத்தில் கல்லாகும். 1850-ல் ரிச்சர்டு ஓவன் இச்சுரப்பியை முதலில் கண்டது, லண்டன் மிருகக்காட்சிசாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தின் கழுத்தில்!

வரம்பு மீறும் சுரப்பிகளில் புற்றுநோய் மிக அபூர்வம். பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுகூட இராது. ஆனால் கால்சியம் அவ்வளவு ஏறி, கட்டியும் கைக்குத் தட்டுப்பட்டதால் டாக்டர்கள் சந்தேகித்தார்கள். "ஊசி குத்திப் பார்த்தால் நிச்சயமாகிவிடாதா?" என்று கேட்டேன்.

"கூடவே கூடாது. குத்தினால் நோயின் விதை சிதறலாம். ஊசியால் நிச்சயிக்கவும் முடியாது. உறை கிழியாமல் முழுசாக எடுக்க வேண்டும். முதல் ரண சிகிச்சையில்தான் எல்லாம் இருக்கிறது" என்றார் ரண வைத்தியர்.

அந்தப் பக்கத்துத் தைராய்டோடு சேர்த்தே கட்டியை எடுத்தார்கள். நுண்ணோக்கிப் பரிசோதனை புற்றுதான் என்று சொல்லிற்று. மறுநாள் அவர் விரல்கள் மரத்துப்போயின. பட்டினி கிடந்த எலும்புகள் இரத்தத்திலிருந்த கால்சியத்தை வாரி விழுங்கியதே காரணம்! நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றினார்கள்.

மறுபடி தலைகாட்டக்கூடிய நோய் இது. ஆகையால் சில மாதங்களுக்கொரு முறை இரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட் வரும் வரையில் வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை.

"தொழிற்சாலையில் இரண்டு இடத்தில் பழுது கண்டால், மூலம் ஒன்றா என்றுதான் முதலில் பார்ப்பேன். என் உடம்பை அப்படிப் பார்க்கத் தோன்றவில்லையே!" என்கிறார் அண்ணா. கல்லும் எலும்பு நோவும் ஒருங்கே வந்தவர்கள் வீட்டில் இருந்தால், நேயர்களே, அந்த ஒரு பரிசோதனையை மறக்க வேண்டாம்.